மீனக்காவின் சுகர்

வலது கை தோள் வரைக்கும் தண்ணீருக்குள் இருக்கிறது. விரல்களுக்கு நடுவே காலாவதியான ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதன் விளிம்பால் கண்ணாடியை மேலிருந்து கீழாக வழிக்கிறாள். பச்சைப் பாசி சுருள் சுருளாகக் கழன்று, எந்த அவசரமும் இல்லாமல் அடியில் போய்ப் படுக்கிறது. கன்னம் தொட்டியின் விளிம்பில் அழுந்தியிருப்பதால் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. அந்தக் கோணல் வாயாலேயே, பல் பிடுங்கக் காத்திருக்கும் ஒரு பெரியவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"பயப்படாதீங்க. இந்த ஆரஞ்சு மீனையே பாத்துக்கிட்டு இருங்க. அது போற பக்கமெல்லாம் கண்ண மட்டும் அனுப்புங்க. உங்களக் கூப்பிடறதுக்குள்ள பாதி பயம் போயிடும்."

"மீதி பாதி?"

"அதுக்குத்தான உள்ள டாக்டர் ஊசி வெச்சிருக்காரு."

பல் மருத்துவமனையில் வைத்த பெயர்தான் மீனக்கா. வங்கியிலும், மூக்குக் கண்ணாடிக் கடையிலும், ஆற்றுப் பாலத்தை ஒட்டிய ஓட்டலிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது. மீன் தொட்டிகளைச் சுத்தம் செய்வது, தண்ணீர் மாற்றுவது, சீக்கு வந்த மீனைத் தனியே பிரித்து வைப்பது இவையெல்லாம் அவள் வேலை. பெயரைக் கேட்டுவிட்டுப் புதியவர்கள் கிலோ என்ன விலை என்று விசாரிப்பார்கள். "இது விக்கிற மீன் இல்லீங்க. நீங்க வர்றதும் போறதும் வேடிக்கை பாக்கற மீன்" என்பாள்.

உடுப்பில் ஒரு விசேஷம் உண்டு. கணவரின் பழைய சட்டைகளைத்தான் வேலைக்குப் போட்டுக்கொள்வாள். சட்டையின் வலது கை தோளோடு வெட்டப்பட்டிருக்கும். இடது கை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு ஒழுங்காக இருக்கும். ஒரு பக்கம் பார்த்தால் அலுவலக அதிகாரி, மறுபக்கம் பார்த்தால் மல்யுத்தக்காரி. "அப்பா அலமாரியில ஒரு சட்டைக்கும் ரெண்டு கை இல்ல" என்று மகள் சிரிப்பாள். ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தவளும் மகள்தான். போட்டால் தண்ணீரின் சூடு கைக்குத் தெரியாது என்று அது பிரிக்காமலே கிடக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்கையோடு தொட்டித் தண்ணீரில் அளையக் கூடாது. சின்னக் கீறல் போதும், ஆற மாதக்கணக்காகும். இதைப் பலர் அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அவளும் பலருக்குத் தலையாட்டிவிட்டாள்.

மீன்களோடு பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. "வீட்டுல பேச ஆள் இல்லாதவங்கதான் மீன்கிட்ட பேசுவாங்க. எனக்குத்தான் ஒரு டிரைவர் இருக்காரே." டிரைவர் என்பது கணவர். பள்ளி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது அதே வேனில் வாளிகளையும் குழாய்களையும் ஏற்றிக்கொண்டு அவளை ஒவ்வொரு தொட்டியாகக் கொண்டுபோய் இறக்குகிறார். குழந்தைகளை ஏற்றிப் பழகியவர் என்பதால் வாளி தளும்பாமல் ஓட்டத் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். அதுவும் அவளுக்காகத்தான்.

சர்க்கரை நோய் அவளுக்கு மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் வந்தது. மாத்திரையில் ஆரம்பித்து ஊசிக்கு வந்து சேர்ந்தாள். நோயை அவள் ஒழுங்காகவே கவனித்துக்கொண்டாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, உடம்பிலும் மனசிலும் நடக்கிற எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயரை வைத்துவிட்டாள். கோபம் வந்தால் சுகர் ஏறுகிறது. மகளைக் கல்யாணம் செய்து வெளியூர் அனுப்பிய அன்று கைகால் துவண்டு உட்கார்ந்தவள், "சுகர் இறங்குது, மிட்டாய் குடுங்க" என்றாள். அண்ணன் இறந்த வீட்டில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, இவள் ஓர் ஓரமாக உட்கார்ந்து விரலில் ஊசியைக் குத்திச் சொட்டு ரத்தத்தைச் சுகர் பார்க்கும் மிஷினில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடும் அப்படியே பழகிவிட்டது. முகம் வாடினால் என்ன வருத்தம் என்று யாரும் கேட்பதில்லை. சுகர் பாத்தியா என்றுதான் கேட்பார்கள். ஒரு முறை டிரைவரே தளர்ந்துபோய் வந்து, "எனக்கும் சுகர் இறங்கற மாதிரி இருக்கு" என்றார்.

"உங்களுக்குத்தான் சுகரே இல்லியே."

"இருந்திருந்தா இறங்கியிருக்கும்."

அவள் ஒரு மிட்டாயை உடைத்துப் பாதியை அவருக்குக் கொடுத்தாள்.

ஓட்டல் தொட்டிதான் அவளுடைய தொட்டிகளில் பெரியது. வரவேற்புக் கூடத்தின் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும். மாலையில் உள்ளே விளக்கைப் போட்டால் கூடம் முழுவதும் நீல வெளிச்சம் அசையும். பெட்டியோடு வருகிறவர்கள் சாவி வாங்க மறந்து நின்றுவிடுவார்கள். தொட்டியின் அடியில், கல்லோடு கல்லாக, ஒரு கிழட்டு மீன் உண்டு. கறுத்த உடம்பு, முள்ளு முள்ளான செதில், வயிற்றுப் பக்கமாக வட்டமான உறிஞ்சு வாய். பகலெல்லாம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். விளக்கை அணைத்த பிறகுதான் அடித்தரையில் ரோந்து சுற்றிப் பாசியையும் வெள்ளரிக்காய்த் துண்டையும் சுரண்டித் தின்னும். அதனால் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர். விரல் நீளத்தில் அவள்தான் கொண்டுவந்து விட்டாள். இப்போது முழங்கை நீளம். அவள் கை உள்ளே போனால் மற்ற மீன்கள் சிதறும். வாட்ச்மேன் மட்டும் நகர மாட்டான். அவனைச் சுற்றித்தான் அவள் துடைப்பாள்.

அந்தத் தொட்டி ஒரு மதிய நேரத்தில் பிளந்தது.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. மூலையில் கண்ணாடிகளை ஒட்டிவைத்த பசை எங்கோ விட்டுக்கொடுத்தது. யாரோ பெருமூச்சு விட்டது போல ஓர் ஒலி. பிறகு தண்ணீர் நின்ற நிலையிலேயே நடந்து வெளியே வந்தது. கம்பளம் மெல்ல எழுந்து மிதந்தது. சோபாவில் இருந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். தரையெங்கும் ஆரஞ்சும் வெள்ளியுமாகத் துள்ளல். மீனக்கா அப்போது அங்கேதான் இருந்தாள், அடுத்த தண்ணீர் மாற்றத்துக்கு வாளியை நிரப்பிக்கொண்டு.

"பாத்துக்கிட்டு நிக்காதீங்க. ஐஸ் பக்கெட், துணிக்கூடை, எது கெடைச்சாலும் கொண்டாங்க. கால எடுத்து வைக்கறவங்க குனிஞ்சு பாத்து வைங்க."

ஓட்டல் மேலாளர் கோட்டைக் கழற்றிவிட்டு முழங்காலில் ஊர்ந்தார். அறைகளைத் துடைக்கும் பெண் ஈரத் துண்டுகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். தரைத் தளத்தில் காலியாக இருந்த ஓர் அறையின் வெள்ளைக் குளியல் தொட்டியை நிரப்பி, குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கும் மருந்தை ஊற்றி, மீன்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டார்கள். ஏறக்குறைய எல்லாம் பிழைத்தன. வாட்ச்மேன்தான் கம்பளத்தில் சிக்கிக்கொண்டான். அவன் துடுப்பு முட்கள் கம்பள நூலில் கொக்கி போல மாட்டிக்கொண்டன. இழுத்தால் கிழியும். மீனக்கா குப்புறப் படுத்து, நூல் நூலாகப் பிரித்தாள். அவன் செவுள் திறந்து திறந்து மூடுவதை ஒரு சாண் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே பிரித்தாள். எடுத்துக்கொண்டு ஓடினாள். தண்ணீரில் விட்டதும் அவன் அடியில் போய்ப் படுத்தான். அவளும் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் வேர்த்தது. நெற்றி, கழுத்து, முதுகு எல்லாம். கை நடுங்கியது. மடித்த ஈரப் போர்வையை யாரோ நெஞ்சின் மேல் வைத்த மாதிரி ஒரு கனம். வலி என்று எதுவும் இல்லை.

"சுகர்" என்றாள்.

டிரைவர் வந்து மிட்டாய் கொடுத்தார். பழச்சாறு கொடுத்தார். வீட்டுக்கு அழைத்து வந்து மிஷினில் பார்த்தால் சுகர் இறங்கவே இல்லை, நன்றாக ஏறியிருந்தது.

"ஏம்மா, ஏறியில்ல இருக்கு?"

"மிட்டாய் தின்னா ஏறாம என்ன பண்ணும்? இல்லன்னா மிஷின் கெட்டிருக்கும். மிஷின் பொய் சொல்லும், வேர்வை பொய் சொல்லுமா? சர்க்கரைத் தண்ணி கலக்குங்க."

அவர் கலக்கினார். இத்தனை வருஷமாக அந்த வேர்வைக்கு அந்த மருந்துதான் கொடுத்து அவளை எழுப்பியிருக்கிறார். மாலை முழுவதும் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை, மூச்சு கீழே இறங்க மறுத்தது. உதடு வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் வேனை எடுத்தார்.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய் பல வருஷம் இருந்தால் வலியைச் சொல்லும் நரம்புகள் மழுங்கிவிடும். நெஞ்சில் விபரீதம் நடக்கும்போது வலி வராமல் வேர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். வலிக்கவில்லையே என்று நிம்மதி அடையக் கூடாது.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு மாரடைப்பு என்று நினைத்தார்கள். கையின் ரத்தக் குழாய் வழியாகக் கம்பியை விட்டுப் பார்த்தால் இதயக் குழாய்களில் அடைப்பு இல்லை. மருத்துவர் ஓர் இளம்பெண். திரையில் மீனக்காவின் இதயத்தைக் காட்டினாள். மேல்பக்கம் ஒழுங்காகச் சுருங்கியது. அடிப்பக்கம் அசையாமல் பலூன் மாதிரி உப்பி நின்றது.

"ஜப்பான்ல ஆக்டோபஸ் பிடிக்க ஒரு பானை வெச்சிருப்பாங்க. வாய் குறுகலா, வயிறு பெரிசா. உங்க இதயம் இப்ப அந்த மாதிரி இருக்கும்மா. பெரிய அதிர்ச்சி வந்தா உடம்புல சுரக்கற சுரப்பு இதயத் தசைய மலைக்க வெச்சுடும். பெரும்பாலும் சில வாரத்துல தானா சரியாயிடும். சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது கம்மியாத்தான் வருதுன்னு சில பேர் சொல்றாங்க. ஆனா வந்துட்டா கூடுதலாக் கவனிக்கணும். அன்னிக்கு ஏதாவது பயந்தீங்களா? மனசு கஷ்டப்பட்டீங்களா?"

"நானா? இல்லம்மா. சுகர்தான் கொஞ்சம் முன்ன பின்ன ஆயிடுச்சு."

மருத்துவர் அவளைப் பார்த்தாள். பிறகு டிரைவரை வெளியே கூப்பிட்டாள். அடுத்த சில நாள்தான் ஆபத்து என்றாள். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடிவிடலாம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். "இன்னொரு அதிர்ச்சி வேண்டாம். கெட்ட சேதி எதுவும் காதுக்குப் போகக் கூடாது."

முதல் நாள் முழுவதும் மீனக்கா விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில் கிடந்தாள். தலைமாட்டுச் சுவரில் பிராணவாயு ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டி வழியாகக் குமிழியிட்டு வந்துகொண்டிருந்தது. ஏர் பம்பு நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். பச்சைத் திரைகள் நீர்ச்செடி போல அசைந்தன. வெள்ளைக் கோட்டுகள் வால் விரித்து மெதுவாகத் திரும்பின. வெளிச்சம் எங்கோ மேலே இருந்தது, அவள் அடியில், கல்லோடு கல்லாக. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். தட்டக் கூடாது, உள்ளே இருக்கிறவர்களுக்கு அது இடி மாதிரி கேட்கும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை, குமிழ்தான் வந்தது. சொட்டு மருந்துக் குழாயில் நின்ற காற்றை நர்ஸ் விரலால் சுண்டி வெளியேற்றிக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் தெளிந்ததும் டிரைவரை வேலைக்கு அனுப்பினாள். குளியல் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும், மருந்து எத்தனை மூடி, தீனி எவ்வளவு என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அவர் போனார். அறை துடைக்கும் பெண் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கறுப்பு மட்டும் காலையிலேர்ந்து ஒருக்களிச்சே கெடக்குது."

துடுப்பின் அடியில் நூல் அறுத்த இடம் வெளுத்திருந்தது. டிரைவர் தொட்டுப் பார்த்தார், வாட்ச்மேன் அசையவில்லை. வேன் ஓட்டிய நாளெல்லாம் எந்தப் பிள்ளைக்கும் ஒரு சிராய்ப்புகூட வராமல் இறக்கிவிட்டவர், அந்த விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மகளுக்கு போன் செய்தார்.

"அப்பா, அம்மா கேட்டா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். நீங்க விளக்கம் குடுக்க ஆரம்பிச்சா மாட்டிக்குவீங்க."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. அதனாலதான் சொல்றேன்."

மாலையில் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"வாட்ச்மேன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரமாதமா சாப்பிடறான். தீனியத் தூவுனேனா, சர்ருன்னு மேல வந்து லபக்குன்னு பிடிச்சிட்டுப் போயிட்டான்."

"லபக்குன்னா?"

"லபக்குன்னு."

வயிற்றுப் பக்கம் வாய் உள்ள மீன், வெளிச்சத்தில் எதையும் தொடாத மீன், சர்ரென்று மேலே வந்திருக்கிறது. மீனக்கா போர்வையின் ஓரத்தை நீவி நீவி நேராக்கினாள்.

"சரி, கிளம்புங்க. வீட்டுல போய் ஏதாவது சாப்பிடுங்க. வெறும் வயித்தோட படுக்காதீங்க."

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மானிட்டரில் துடிப்பு ஏறத் தொடங்கியது. பச்சைக் கோடு நெருக்கி நெருக்கி ஓடியது. நர்ஸ் வந்தாள். முகத்தைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள், பழக்கப்படி மிஷினை எடுத்தாள்.

"என்னம்மா பண்ணுது? சுகர் பாத்துடலாமா?"

மீனக்கா விரலை நீட்டினாள். ஊசி கிட்டே வரும்போது கையை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் சிஸ்டர். இது சுகர் இல்ல."

"வேற என்ன செய்யுது?"

கூழாங்கல்லுக்குள் விழுந்துவிட்ட ஒன்றைத் துழாவுகிறவள் போல அவள் சற்று நேரம் தேடினாள்.

"அழணும் போல இருக்கு."

"அழுங்க."

"இந்தத் துடிப்பு மிஷின் கத்தாதா?"

"கத்தினா நான் பாத்துக்கறேன். என் வேலையே அதுதான்."

பழக்கம் இல்லாத அழுகை அது. எங்கே தொடங்கி எங்கே மூச்சு விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருமல் வந்தது, விக்கல் வந்தது. மூக்கில் செருகியிருந்த குழாய் நனைந்து நழுவியது. நர்ஸ் துடைத்து மீண்டும் செருகினாள். கண்ணை மானிட்டரில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அவள் தோளைப் பிடித்தபடி நின்றாள். மருத்துவரைக் கூப்பிடும் பொத்தான் மேல் மறு கை இருந்தது. இந்த இதயம் இதைத் தாங்குமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கோடு இன்னும் கொஞ்சம் நெருங்கியது. ஒரு முறை தடுக்கியது. பிறகு மெல்ல மெல்ல விலகி, இடைவெளி விட்டு, தன் நடைக்கு வந்தது.

"யாரும்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஓட்டல்ல இருந்தான். ரொம்ப நாள் பழக்கம்."

பிராணவாயுப் புட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. நர்ஸ் ஊற்றி நிரப்பிவிட்டுப் போனாள். குமிழ்ச் சத்தம் மறுபடியும் தடித்தது. மீனக்கா அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை டிரைவர் முகத்தைக் கழுவி, தலையைச் சீவி, போனைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு வந்தார். மகள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"இந்தா பாரு உன் ஆள. இப்பதான் எடுத்தேன்."

படத்தில் வாட்ச்மேன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தான். பின்னால் நீல விளக்கும் நீர்ச்செடியும், அதற்குப் பின்னால் ஓட்டல் கூடமும். உடைந்து போன தொட்டி அது. அவள் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து நிதானமாகப் பார்த்தாள்.

"அழகா இருக்கான்."

"ஆமா."

"எங்க பொதைச்சீங்க?"

டிரைவரின் பார்வை பதறிப் போய் மானிட்டரைப் பிடித்துக்கொண்டது.

"அங்க என்ன பாக்கறீங்க? நான் இங்க இருக்கேன்."

பச்சைக் கோடு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஓட்டலின் பின்பக்கம், துணி உலர்த்தும் இடத்தை ஒட்டி, மண் இளகிய ஓர் ஓரம். ஓட்டல்காரர்களே ஒரு புதுத் துண்டு கொடுத்தார்கள். நாய் தோண்டாமல் இருக்க மேலே செங்கல் வைத்திருக்கிறது. அவள் துடுப்பைப் பற்றிக் கேட்டாள், அவர் காயத்தைச் சொன்னார். மற்ற மீன்களைக் கேட்டாள், எல்லாம் உண்மையாகவே நன்றாக இருந்தன.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க" என்றார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் முக்காலியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். பார்க்க வருகிறவர்கள் கட்டிலில் உட்காரக் கூடாது என்று எதிர்ச் சுவரில் எழுதியிருந்தது.

மீனக்கா போர்வையை ஒதுக்கி, கால்கள் இரண்டையும் மெல்ல மடக்கி, அவர் உட்கார இடம் விட்டாள்.